எஞ்சினியரம்மாவின் மெஷின்

ஜனவரி 11

எஞ்சினியரம்மாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் படியேறும்போது சத்தம் போடுகிறது, பேரிங் தேய்ந்த மோட்டார் மாதிரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழுக்க வியாபாரக் கடிதம். உனக்கும் என் மகனுக்கும் நடந்தது கோர்ட்டோடு முடிந்து ஒரு வருடமாகிறது. அதைக் கிளற நான் எழுதவில்லை. நீ மருமகளாக இருந்தபோது நம் பம்பு ஸ்பேர்ஸ் கடைக்கு எழுதிக் கொடுத்த புரோகிராமில் ஒரு கோளாறு. வாஷருக்குத் தட்டினால் வால்வு வருகிறது. நேற்று ஒருவர் வாஷர் கேட்டு, பில்லில் வால்வு விழுந்து, "என்னங்க, விட்டா மோட்டாரையே என் தலையில கட்டிடுவீங்க போலிருக்கே?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அந்த பில்லின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் மெஷினுக்குள் காற்றாடியும் கரகரக்கிறது. நீ ஒரு நாள் நேரில் வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். கடைக்கு வந்தால் போதும், வீட்டுப் பக்கம் வர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் நான் மட்டும்தான்.

போன் செய்யக் கூடாதா என்று நினைப்பாய். என் போன் மகன் வாங்கிக் கொடுத்தது. யாரோடு பேசினேன் என்பதெல்லாம் அவன் போனிலும் தெரிகிறது. அவன் வேண்டுமென்று பார்ப்பதில்லை. இருந்தாலும். உன் சாமான்களை லாரியில் ஏற்றிய ரசீதில் முகவரி இருந்தது. பதிலைக் கடை முகவரிக்கே போடு.

இப்படிக்கு,
கடைக்காரர்


ஜனவரி 24

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள். மோட்டார் மெக்கானிக்கிடம் அல்ல.

பில்லைப் பார்த்தேன். வாஷருக்கும் வால்வுக்கும் எண்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வால்வின் எண்ணைத் தட்டியிருக்கிறீர்கள், வால்வு வந்திருக்கிறது. புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது. காற்றாடியில் தூசி. பின்பக்க மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

ஆனாலும் ஒரு யோசனை சொல்கிறேன். அந்தப் பெரிய மெஷினில் ஏதாவது என்றால் யாராவது நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். கடைக் கணக்கு முழுவதையும் போனுக்கு மாற்றித் தந்துவிடுகிறேன். பிறகு எதுவானாலும் நான் இருக்கும் இடத்திலிருந்தே சரிசெய்யலாம். யாரும் யாரைத் தேடியும் வர வேண்டியதில்லை.

இங்கே ஒரு கம்பெனியில் வேலை. அறை சின்னது, வெளிச்சம் உண்டு. வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
எஞ்சினியர்


பிப்ரவரி 5

எஞ்சினியரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகம் என்று ஒரு வரியில் எழுதியிருந்தாய். இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால் தபால்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தூசி துடைத்துவிட்டேன். கரகரப்பு நின்றது. ஆனால் அந்த போன் யோசனை சரிப்பட்டு வராது. போன் பேசுவதற்கு, மெஷின் வேலை செய்வதற்கு. என் கட்டைவிரலை நீ பார்த்திருக்கிறாய். ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு எழுத்துகளெல்லாம் சேர்ந்து வரும். கிரீஸ் கையோடு தொட்டால் போன் என்னை யாரென்றே தெரியாது என்கிறது. மெஷினில் அந்தக் கௌரவமெல்லாம் கிடையாது, கீபோர்டைத் துணியால் துடைத்தால் ஆயிற்று. எதிரே நிற்கிறவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவேன், அவரும் விலையைப் படித்துத் தலையாட்டுவார். போனைக் குனிந்து பார்த்து விலை சொன்னால், "யாரோட அரட்டை அடிக்கிறீங்க?" என்பார்கள். அதோடு, கடையைத் தூக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிய எனக்குப் பயம். பாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் கடையே போச்சு.

நேரில் வந்தால் இதையெல்லாம் உனக்கு விளங்க வைப்பேன்.

உன் கம்பெனியில் நல்ல பெரிய மெஷினாகக் கொடுத்திருப்பார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார். அங்கே சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா? வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 2

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பாடும் நேரத்துக்குக் கிடைக்கிறது. இரண்டு வரிகள் எழுதிவிட்டேன்.

போனைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. ஏணியில் ஏறி மேல் ரேக்கில் எத்தனை சீல் இருக்கிறது என்று எண்ணிவிட்டு, இறங்கி மெஷினுக்கு வருவதற்குள் எண்ணியது மறந்துபோகிறது என்று எத்தனை தடவை புலம்பியிருக்கிறீர்கள்? கையில் போன் இருந்தால் ஏணியில் நின்றபடியே தட்டிவிடலாம். ஏறி இறங்கும் வேலை முழங்காலுக்கும் மிச்சம். சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கணக்கும் போக வேண்டும், மாமா. கணக்கு இருக்கும் இடத்துக்குச் சரக்கு நடந்து வராது. எழுத்தைப் பெரிதாக வைக்கிறேன். பெயரையோ எண்ணையோ தட்ட வேண்டாம், படத்தைத் தொட்டால் போதும்.

கடை நடத்த மட்டுமல்ல, இந்த மாதிரி புரோகிராம்களை எழுதுவதற்கும் இப்போது போனே போதும். நானே போனில்தான் எழுதுகிறேன். மடக்கு கீபோர்டு ஒன்று இருக்கிறது. பஸ்ஸில்கூட எழுதலாம். மெஷினைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா?

இப்படிக்கு,
எஞ்சினியர்


மார்ச் 14

எஞ்சினியரம்மாவுக்கு,

நலமாக இரு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பம்பு வியாபாரத்துக்கு நல்ல காலம், எனக்குத்தான் கொஞ்சம் தலைசுற்றல். பயப்படாதே, மோர் குடித்தால் நின்றுவிடுகிறது.

ஏணி விஷயத்தில் நீ ஜெயித்தாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, போனில்தான் புரோகிராம் எழுதுகிறேன் என்று, அது என் மனசில் உட்காரவில்லை. தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"போன்ல பெரிய புரோகிராம் எழுதுவாங்களா தம்பி?"

அவர் சிரித்துவிட்டார். "எழுதலாம் சார். டம்ளரால மொண்டு தண்ணித் தொட்டிய ரொப்புற மாதிரி. வேற வழியில்லாதவங்க செய்வாங்க. ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அப்படிப் பண்றாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே இருந்தபோது நீ மானிட்டரில் இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து வைத்துக்கொண்டு எழுதுவாய். டீ ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாய். கம்பெனியில் உனக்கு மெஷின் கொடுக்கவில்லையா? அது என்ன கம்பெனி?

இப்படிக்கு,
மாமா


மே 20

எஞ்சினியரம்மாவுக்கு,

நீ நலமா? இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டுக் கேட்டு, இப்போது என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் "இல்ல சார்" என்று கையை ஆட்டுகிறார்.

மகன் விஷயம் உன் காதுக்கு எட்டியிருக்கும். அதனால்தான் நீ எழுதவில்லையோ என்று நினைக்கிறேன். எட்டாமலிருந்தால், என் மூலமாகத் தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் விட்டுவைத்தேன். அவனுக்கு மறுபடியும் கல்யாணம் ஆகிவிட்டது. வந்திருக்கும் பெண் நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலமானால் அவர்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கூடத்துக்குள் நுழைந்ததும், மரியாதைக்காகப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கடையை முன்னைவிட நேரம் கழித்தே பூட்டுகிறேன். உன் அத்தை உயிரோடு இருந்திருந்தால் என்னைத் திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

கம்பெனியைப் பற்றிக் கேட்டது தப்பென்றால் அந்த வரியை அடித்துவிட்டுப் படி. கோளாறு எதுவும் இல்லை. சும்மாதான் எழுதினேன்.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 8

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நான் நலம். தலைசுற்றலுக்கு மோரோடு நிறுத்தாமல் ரத்த அழுத்தம் பாருங்கள்.

கல்யாண விஷயம் ஜனவரியிலேயே தெரியும். அது தெரிந்த மறுவாரம்தான் உங்கள் முதல் கடிதம் வந்தது. நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பதில் போடாததற்கு அது காரணமில்லை. "அது என்ன கம்பெனி?" என்று கேட்டிருந்தீர்கள். பொய் எழுத வரவில்லை, உண்மையை எழுதவும் கை வரவில்லை.

நான் வேலை செய்வது ஒரு பார்சல் ஆபீஸில். கவுண்டரில் உட்கார்ந்து எடை போட்டு ரசீது கொடுக்கிறேன். சும்மா இருந்த வருடங்களைக் காரணம் காட்டி எந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலும் எடுக்கவில்லை. கடைக்கு எழுதியதை எல்லாம் அனுபவமாக யாரும் சேர்ப்பதில்லை. பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் போனில் புரோகிராம் எழுதுகிறேன். ஒரு சலவைக் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் முடித்துக் கொடுத்தேன். சின்ன வேலைகள், போனிலேயே முடிந்துவிட்டன.

இப்போது எங்கள் பார்சல் ஆபீஸ் முதலாளி தன்னுடைய எல்லாக் குடோன்களுக்கும் சேர்த்து ஒரே புரோகிராம் வேண்டும் என்கிறார். "நீ எழுதிக் காட்டும்மா, நல்லா இருந்தா கவுண்டர்ல உனக்கு என்ன வேலை?" என்றார். கேட்டதும் சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் தெரிகிறது, ரிப்பேர் கடைக்காரர் சொன்னது சரி. கீபோர்டை விரித்தாலும் திரை உள்ளங்கை அளவுதான். ஒரு வரியை எழுதும்போது முந்தின வரி மேலே போய் மறைந்துவிடுகிறது. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன எழுத வந்தேன் என்பது மறந்துபோகிறது. லீவு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் எழுதியும், அதில் எது எதோடு சேர்கிறது என்பது எனக்கே தெரியவில்லை. மருந்துக் கடைக்கு எழுதியபோது இப்படி இல்லை. பெரிய வேலைக்குப் பெரிய திரை வேண்டும், மாமா. அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஒரு மெஷின் வாங்க வேண்டும். வாங்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் வேறு ஏதாவது செலவு வந்து நிற்கிறது. இதை உதவி கேட்டு எழுதவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

இப்படிக்கு,
எஞ்சினியர்


ஜூன் 17

எஞ்சினியரம்மாவுக்கு,

நலம். ரத்த அழுத்தம் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. போன்தான் நல்லது. இந்தக் காலத்தில் யாரம்மா மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? அது மேஜையில் பாதியை அடைத்துக்கொள்கிறது, கரண்ட் போனால் கண்ணை மூடிக்கொள்கிறது. போன் என்றால் ஏணியில் கூடவே ஏறும். என் கட்டைவிரல்கூட இப்போது கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது. ஆகையால் கடைக் கணக்கைப் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிடு. சின்ன வேலை என்பதால் உன் போனிலேயே முடிந்துவிடும்தானே?

மாற்றிவிட்டால் மெஷினுக்கு இங்கே வேலையில்லை. அது கடைச் சாமானும் இல்லை. நீ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது உன் சம்பளத்தில் வாங்கி, ஒவ்வொரு பாகமாக நீயே பூட்டியது. சாமான்களைப் பிரித்த அன்று அது கடையில் இருந்ததால் கடைக் கணக்கில் போய்விட்டது. நானும் பேசாமல் நின்றேன்.

நேற்று மகனே ஆரம்பித்தான். "அப்பா, அந்தப் பழைய டப்பாவ எதுக்கு வச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கலாம்."

"தூக்கிப் போட நமக்கு உரிமை இல்லடா. அது நம்மோடது இல்ல."

அவன் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தான். எதையும் கூட்டவில்லை. பிறகு, "குடுத்துடுங்கப்பா" என்றான். நீ எங்கே இருக்கிறாய், அது எனக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. அவனும் கெட்டவன் இல்லை அம்மா. உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மாமா


ஆகஸ்ட் 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நான் நலம். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் சாப்பிட வேண்டும்.

கடை ஆப் தயார். எப்படிப் போனில் ஏற்றுவது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ரிப்பேர் கடைக்காரரிடம் காட்டினால் செய்து கொடுப்பார். எழுத்தெல்லாம் பெரியது. வாஷருக்கும் வால்வுக்கும் வேறு வேறு நிறம். அந்த நிறம் உங்களுக்காக மட்டும்.

மெஷினை அனுப்ப வேண்டாம். பாரம் அதிகம், வழியில் உடைந்துவிடும். நீங்கள் சொன்னதே எனக்குப் போதும். நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

இனி ஏதாவது கோளாறு வந்தால், உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்கு இங்கே தெரிந்துவிடும். நானே சரிசெய்துவிடுவேன். அதற்காக நீங்கள் கடிதம் எழுதிக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
எஞ்சினியர்


ஆகஸ்ட் 20

எஞ்சினியரம்மாவுக்கு,

சுகம். ஆப் நன்றாக ஓடுகிறது. ஏணியில் நின்றபடியே எண்ணித் தட்டிவிட்டேன். எந்தக் கோளாறும் இல்லை. தேடியும் பார்த்துவிட்டேன்.

எழுத வேறு விஷயம் இல்லை.

மாமா


அக்டோபர் 6

மாமாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தனை பாரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால் அறை வாசலில் இரண்டு பெட்டிகள். அடுத்த அறை அக்கா வெளியே வந்து சொன்னார்: "கம்ப்யூட்டர் வந்திருக்கு. ஒரு பெரியவர் கொண்டாந்து வச்சாரு. மூச்சு வாங்குச்சு பாவம், தண்ணி குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சாரு. நீங்க யாரு, சொந்தக்காரரான்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், டெலிவரிங்கன்னாரு. அதுக்குப் போய் யாராவது யோசிப்பாங்களா?"

எப்போது போனார் என்று கேட்டேன். இப்போதுதான் என்றார். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். நடைமேம்பாலத்தில் ஏறியதுமே பார்த்துவிட்டேன். எதிர் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். வண்டி வந்துகொண்டிருந்தது. மேலிருந்தே "மாமா!" என்று கத்தினேன்.

பிளாட்பாரத்தில் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் கையைக்கூட ஆட்டினார். நீங்கள் மட்டும் திரும்பவில்லை. நான் படியிறங்கி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மெஷின் நன்றாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. போர்வையில் சுற்றி, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். "இது கரண்ட்", "இது எலியின் வால்". பூட்டி ஓடவிட்டேன். நான் எழுதியது முழுவதும் ஒரே திரையில் விரிந்தபோது எது எங்கே தப்பாகச் சேர்ந்திருக்கிறது என்பது உடனே தெரிந்தது. முதல் குடோனுக்கான பகுதியை முடித்து முதலாளியிடம் காட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து நான் கவுண்டரில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆபீஸிலும் ஒரு மெஷின் தருவார்களாம். இதை முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்வதற்கில்லை.

அத்தனை தூரம் வந்துவிட்டு ஏன் மாமா காத்திருக்கவில்லை?

இப்படிக்கு,
எஞ்சினியர்


அக்டோபர் 15

எஞ்சினியரம்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் ஒரு வாரம் கோபித்துக்கொண்டு இப்போது சமாதானமாகிவிட்டது. உன் வேலை விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். ரிப்பேர் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். "யாரு சார் அது?" என்றார். "எங்க எஞ்சினியர்" என்றேன்.

காத்திருக்கலாம் என்றுதான் வந்தேன். அந்த அம்மா, நீங்க யாரு என்று கேட்டதும் நிலைகுலைந்துவிட்டேன். முன்னாள் மந்திரி என்று சொன்னால் நாற்காலி போடுவார்கள். முன்னாள் மாமனார் என்று ஒருவன் வந்து நின்றால் என்ன போடுவார்கள்? அங்கே உன்னைப் பற்றி நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ, கல்யாணமாகிப் பிரிந்ததைச் சொன்னாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் ஒன்று சொல்லி, நாளைக்கு அந்தப் படியில் நாலு பேர் உன்னை வேறு மாதிரி பார்க்க வேண்டாம் என்றுதான் இறங்கிவிட்டேன்.

நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. யாரோ ஒரு பெண் தன் மாமாவை வழியனுப்ப ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்துவைத்த ஆள் என்றுகூட நினைத்தேன். வீட்டில் இப்போது என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை. வந்திருக்கும் பெண் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அதனால் அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது அம்மா. வேறொன்றுமில்லை.

அடுத்த மாதம் பம்பு கம்பெனிக்காரர்களைப் பார்க்க அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கும். வேலை ஒன்றும் பெரிதில்லை, இருந்தாலும் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்தால், ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நின்றுவிடாதே. நான் திரும்பும்வரை கூப்பிடு.

இப்படிக்கு,
மாமா